வெயிலில் காயும் சோப்பு டப்பா

அண்ணனின் பெட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அதில் உருப்படியாக இருந்தது ஒரு ஹெட்போன் மட்டும்தான். சட்டைகளில் பூஞ்சை பிடித்திருந்தது. டார்ச்சுக்குள் பேட்டரி கசிந்து உப்புப் பூத்திருந்தது. ஹெட்போனில் காதுமெத்தை கொஞ்சம் உரிந்திருந்ததே தவிர வேறு குறை இல்லை. திரிபுராவில் ரப்பர் தோட்டத்து மேற்பார்வையாளனுக்கு இத்தனை பெரிய ஹெட்போன் என்ன கேடு என்று நான் கிண்டல் செய்ததுண்டு. "ஏட்டி, இஞ்ச சீவீட்டுப் பூச்சி கத்துத கத்துக்கு இது இல்லாம ஒரு பாட்டு கேக்க முடியாதாக்கும்" என்பான். வாங்கியதும் பழசுதான், ஏதோ ஸ்டுடியோவில் கழித்துக் கட்டியது. ஆனாலும் அதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

எங்கள் குடும்பத்து ஆண்கள் எல்லோரும் சர்க்கார் ஆபீசில் பேனா பிடித்தவர்கள். அண்ணன் மட்டும் வெள்ளறடைப் பக்கம் போய் ரப்பர் பால் வெட்டு பழகினான். அங்கிருந்து வடகிழக்குக்குப் போனான். வெட்டுத் தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு அங்கே மரியாதையும் சம்பளமும் உண்டு. போன மழைக்காலத்தில் ஒரு நாள் அவனோடு வேலை செய்தவர் கூப்பிட்டு, காலையில் நெஞ்சு வலி என்றார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், சாயங்காலம் போய்விட்டார் என்று சொன்னார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். கிடந்து கஷ்டப்படாமல் போய்விட்டான். முதலில் அதைக் கேட்டபோது எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த வயதில் போனவனைப் பற்றிச் சொல்ல வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா இவர்களுக்கு? ஆனால் அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். பதினாறு கழிந்த பிறகு வந்தவர்களிடம் அவரே முந்திக்கொண்டு சொன்னார். "கெடந்து கஷ்டப்படாம போய்ட்டான், அது மட்டும் உண்டு." அம்மா மெடிக்கல் காலேஜில் வாரக்கணக்கில் கிடந்து போனவள். பக்கத்தில் இருந்து பார்த்தவர் அப்பா. அதனால் அந்த ஒரு வார்த்தையில் அவர் சாய்ந்து நின்றார். அதை யாரும் தட்டிவிடக் கூடாது என்று நானும் நினைத்தேன்.

அப்பாவுக்குக் காது மந்தம். காதுக்குள் வைக்கும் மிஷின் வாங்கிக் கொடுத்தோம், போனைப் பக்கத்தில் கொண்டு போனால் அது கூவும். "சவத்த எடுத்து தூரப் போடு" என்று அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார். அண்ணன் அவருடைய போனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவான். நான் அதைப் போட்டுக் கேட்டு அப்பாவின் காதருகே போய்க் கத்துவேன். சாப்பிட்டியளாண்ணு கேக்கான். மருந்து குடிச்சியளாண்ணு கேக்கான். அங்க நல்ல மழையாம், வெட்டு இல்லையாம், சும்மா படுத்துக் கெடக்கானாம். கடைசியாக வந்த மெசேஜ்கள் எல்லாம் மழையைப் பற்றித்தான்.

பெட்டி வந்த மறுநாள் அப்பா அந்த ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு போனை என்னிடம் நீட்டினார். நெற்றியில் திருநீறு, அதற்கு மேல் கறுப்பு வளையம். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"அவன் பேசினத போடு மக்கா."

போட்டேன். சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு இருந்தார், பிறகு கழற்றிவிட்டார்.

"கொசு மாதிரி கேக்குது."

அது ஹெட்போனின் குணம். ஸ்டுடியோவில் வைக்கும் அந்த வகைக்கு மின்தடை அதிகம், போனின் சக்தி அதை அசைக்கக்கூடப் போதாது. வேறு ஹெட்போன் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அவன் காதில் வைத்தது, அதுதான் வேண்டும். சரி, போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபையர் செய்து வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். நான் நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் எலெக்ட்ரானிக்ஸ் செய்முறை சொல்லிக்கொடுப்பவள். அங்கே சம்பளம் வரும்போதுதான் வரும், அதனால் இருப்பதைக் கொண்டு செய்வது எனக்குப் பழகிப்போன விஷயம்.

இணையத்தில் ஒரு சர்க்யூட் கிடைத்தது. அதை எழுதிய மகானுபாவர் எந்த நாட்டுக்காரரோ, சொன்ன சாமான் ஒவ்வொன்றும் கப்பலில் வர வேண்டியது. விலையைப் பார்த்ததும் மூடி வைத்தேன். சத்தத்தைப் பெருக்குகிற முக்கியமான ஐசி, அதாவது எட்டுக் கால் உள்ள அந்தச் சிறு கறுப்புச் சில்லு, அவர் சொன்னது எங்கள் பக்கத்தில் கிடைக்காது. கிடைத்தாலும் மேலே எழுதியிருக்கும் எண்ணைச் சுரண்டிவிட்டு வேறு எண் அச்சடித்த போலியாக இருக்கும். அதற்குப் பதிலாக 5532 என்ற எண்ணில் வரும் பழைய ஐசி போதும் என்று எனக்குத் தெரியும். பல வருஷமாக எத்தனையோ மைக் செட்டுகளுக்குள் உட்கார்ந்து உழைத்தது அது. கொஞ்சம் பேட்டரி தின்னும், ஆனால் பெரிய ஹெட்போனைத் தள்ளும் பலம் உண்டு.

கடைக்காரர் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, "மோளே, இதொக்க எதுக்கு? ஒரு ஸ்பீக்கர் வாங்கினாப் போதுமே" என்றார். போதாது என்று மட்டும் சொன்னேன்.

மிச்சத்தை வீட்டிலேயே தேடினேன். பேட்டரியின் மின்சாரத்தை இரண்டாகப் பிரித்துத் தாங்கும் பெரிய கபாசிட்டர்கள் இரண்டு வேண்டும். கெட்டுப்போன டிவிடி பிளேயரிலிருந்து கழற்றினேன், தலை உப்பாதவையாகப் பார்த்து. துல்லியமான மெட்டல் ரெசிஸ்டர் வேண்டும் என்று எழுதியிருந்தது. என்னிடம் இருந்த சாதாரணக் கார்பன் ரெசிஸ்டர்களில் ஒரு பிடி அள்ளி, மீட்டரில் வைத்துப் பார்த்து, இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒரே அளவு வருகிற ஜோடியைப் பொறுக்கினேன். விலை உயர்ந்ததை வாங்க முடியாதவர்கள் பொறுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகு, அண்ணன் படிக்கும் காலத்தில் வைத்திருந்த ரேடியோவிலிருந்து வந்தது. திருப்பினால் கரகரவென்றது. துப்புரவு செய்த பிறகும் ஒரு இடத்தில் மட்டும் கரகரத்தது. அவன் எப்போதும் வைத்திருந்த சத்தம் அந்த இடத்தில்தான் இருந்திருக்க வேண்டும், அவ்வளவு தேய்ந்திருந்தது. அதை மாற்ற எனக்கு மனசு வரவில்லை.

பெட்டிக்கு ஒரு பச்சை நிற சோப்பு டப்பா. அங்கேதான் முதல் தப்பு. உலோகப் பெட்டியாக இருந்திருந்தால் வெளிச் சத்தம் உள்ளே வராது. ஒரு காலையில் எல்லாவற்றையும் சால்டர் செய்து முடித்து, போனை இன்னும் இணைக்காமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேட்டரியைச் செருகினேன். ஒன்றுமே கேட்கக் கூடாத இடத்தில் ஒரு ஆண்குரல் பேசிக்கொண்டிருந்தது. ரொம்ப தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. கூப்பிடப் போனேன், அண்ணா என்று வாய்வரை வந்துவிட்டது. அப்புறம் அந்தக் குரல் மலையாளத்தில் ரப்பர் ஷீட்டின் அன்றைய விலையைச் சொன்னது. வானொலி நிலையத்தின் அலையை என் சோப்பு டப்பா பிடித்துவிட்டது, அவ்வளவுதான். டப்பாவுக்குள் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டி, எர்த் வயரோடு சேர்த்ததும் குரல் அடங்கியது.

அன்று மத்தியானம் அப்பா முதல்முறையாகக் கேட்டார். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். முதலில் சந்தோஷம். பிறகு வாய் லேசாகத் திறந்து அப்படியே இருந்தது. முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு அவரே போடக் கற்றுக்கொண்டார். அழுவார் என்று நினைத்திருந்தேன், அழவில்லை. "நல்லாட்டு கேக்குது மக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அவர் குளிக்கும் நேரத்தில் நான் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன். வலது பக்கம் சரியாக வருகிறதா என்று பார்க்கத்தான்.

"அப்பா, நான்தான். சாப்பிட்டியளா? இஞ்ச நல்ல மழையாக்கும். வெட்டு இல்ல, சும்மா படுத்துக் கெடக்கேன். எனக்கு ஒண்ணும் இல்ல, சொகமாட்டு இருக்கேன். மருந்த ஒழுங்கா குடிக்கணும், கேட்டியளா?"

போனின் ஸ்பீக்கரில் நான் பல தடவை கேட்ட மெசேஜ். ஆனால் அதில் மழைச் சத்தமே இல்லை என்பது இப்போதுதான் காதில் பட்டது. தோட்டத்தில் அவன் தங்கிய அறைக்குத் தகரக் கூரை. மழை பெய்யும்போது வீடியோவில் கூப்பிட்டால் ஒரு வார்த்தை விளங்காது, கையசைத்துவிட்டு வைத்துவிடுவான். இதில் மழையும் இல்லை, தகரமும் இல்லை. குரலுக்குப் பின்னால் ஒரு பெரிய கூடத்தின் வெறுமை இருந்தது. அதில் ஒரு சின்ன மணிச்சத்தம், சீராக, விட்டு விட்டு. டிக் என்றும் சொல்ல முடியாது, பீப் என்றும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் படுக்கைப் பக்கத்தில் வைத்து நாடியைக் காட்டும் மிஷின் அது. பேசி முடித்த பிறகும் அவன் பட்டனை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருக்கிறான். அந்த இடத்தில் மூச்சும் மணியும் மட்டும்.

நெஞ்சு வலி என்ற நாளுக்கு முந்தின வாரத்து மெசேஜ் அது. மற்றவற்றையும் கேட்டேன். மழை என்று அவன் சொன்ன எல்லாவற்றிலும் அந்த மணி இருந்தது. கிடந்திருக்கிறான். நாள் கணக்கில் அங்கே தனியாகக் கிடந்து, எங்களிடம் மழை என்று சொல்லியிருக்கிறான். கூட இருந்தவர்களையும் அப்படியே சொல்ல வைத்திருக்கிறான். அந்த மழையை நான் அப்பாவின் காதில் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அண்ணன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. செத்துப்போனவனை நிற்க வைத்துத் திட்ட முடியாதே என்றுதான் அழுகை வந்தது.

அழுது முடித்ததும் அப்பாவின் நினைப்பு வந்தது. அவருக்கு இருக்கும் காதில் இது விழுந்திருக்காது, குரல் மட்டும்தான் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நாளுக்கு நாள் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு நாள் விழும். விழுந்தால் அந்த ஒரு வார்த்தையும் போய்விடும்.

ஒரே ஒரு சுருதியை மட்டும் விழுங்கிவிடும் சிறு சர்க்யூட் ஒன்று உண்டு, வடிகட்டி மாதிரி. மணிச்சத்தத்தின் சுருதியை போனில் உள்ள ஒரு ஆப்பில் பார்த்துக்கொண்டேன். மூன்று ரெசிஸ்டர், நான்கு கபாசிட்டர். நான்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வடிகட்டி வேறு சுருதியைத் தின்னும். பாலியஸ்டர் வகை வாங்கப் போனேன். தீர்ந்துபோச்சு, அடுத்த வாரம் வரும் என்றார் கடைக்காரர். எனக்கு அடுத்த வாரம்வரை பொறுமை இல்லை. தட்டையாக, பழுப்பு நிறத்தில், பொட்டு மாதிரி இருக்கும் செராமிக் கபாசிட்டர்களை ஒரு கவர் நிறைய வாங்கி வந்து, காலை வேளையில் மீட்டரில் வைத்து ஒன்றுபோல் உள்ள நான்கைப் பொறுக்கினேன். வெப்பம் ஏறினால் இந்த வகையின் அளவு மாறும், இந்த வேலைக்கு இதைத் தொடாதே என்று வகுப்பில் நானே சொல்வதுண்டு. அன்று அது என் புத்தியில் ஏறவில்லை.

"கரகரப்ப சரியாக்கப் போறேன்" என்று அப்பாவிடம் சொல்லி டப்பாவை வாங்கினேன். திருப்பிக் கொடுப்பதற்கு முன் கேட்டுப் பார்த்தேன். அண்ணனின் குரலில் ஒரு இழை போயிருந்தது, கொஞ்சம் ஜலதோஷம் பிடித்தாற்போல் இருந்தது. மணி இல்லை. அப்பா கேட்டார். நெற்றியைச் சுருக்கினார். "சரியாச்சா?" என்றேன். "ம்" என்றார்.

அதற்குப் பிறகு அப்பாவின் போக்கு மாறியது. காலையில் பூஜை முடிந்ததும் கேட்டுக்கொண்டிருந்தவர் காலையில் தொடுவதே இல்லை. உச்சி வெயிலில், தகரம் போட்ட பின்கட்டில் போய் உட்கார்ந்து கேட்டார். காற்று இல்லாத இடம். வியர்த்து வழியும். உள்ளே ஃபேனடியில் இருந்து கேளுங்கள் என்றால் காது கேட்காதவர்போல் இருப்பார். எது கேட்கும், எது கேட்காது என்பதை அவர் வசதிப்படி வைத்துக்கொள்வது புதிதல்ல என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு சீவிக் காயப் போட்டிருந்தேன். காக்கை விரட்டப் போனவள், பாயின் ஓரத்தில் பச்சையாக ஒன்றைப் பார்த்தேன். கிழங்குத் துண்டுகளுக்கு நடுவே என் சோப்பு டப்பா, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்தேன், கை சுட்டது.

எனக்கு வந்ததே கோபம். "அப்பா! இத இஞ்ச யாரு கொண்டு போட்டது? கிழங்கா இது? பேட்டரி வெடிச்சா என்ன ஆகும்?"

அப்பா பின்கட்டிலிருந்து ஹெட்போனோடு வந்தார். கழுத்தில் மாலை மாதிரி போட்டிருந்தார்.

"நான்தான் மக்கா. சூடு கொள்ளட்டும்ணு வச்சேன்."

"எதுக்காக்கும் சூடு?"

"சூடு உண்டுண்ணாதான் அந்தச் சத்தம் வருது. காலத்த, வெயிலுக்கு முன்ன கேட்டா வரல்ல."

பழுப்புப் பொட்டுகள் நான்கும் வெயிலில் அளவு மாறி, வடிகட்டியின் வாய் வேறு பக்கம் திரும்பி, மணி மறுபடி வெளியே வந்திருக்கிறது. அப்பா அதைத் தேடிப் பிடித்து, அதற்கு வழியும் கண்டுபிடித்து, தினமும் அதற்காகவே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அது என்ன சத்தம்ணு ஒங்களுக்குத் தெரியுமா?" என்றேன் கடைசியில். கத்தக்கூட இல்லை, அவருக்குக் கேட்டுவிட்டது.

"ஒனக்க அம்ம கெடந்தப்போ அந்தச் சத்தத்தையாக்கும் நான் கேட்டுட்டு இருந்தேன். எனக்குத் தெரியாதா? நீ செய்து தந்த அன்னைக்கே கேட்டேன்."

"அப்போ அதுக்குப் பொறவும் எல்லாருட்டயும் கஷ்டப்படாம போய்ட்டான்ணு..."

"ஒனக்குத் தெரியாதுண்ணு நினைச்சேன் மக்கா. தெரியாமலே இருக்கட்டும்ணுதான் சொன்னேன்."

டப்பாவின் சூடு என் உள்ளங்கையில் இருந்தது. அப்போது வேலிப் படலையைத் திறந்துகொண்டு அத்தை வந்தாள், அப்பாவின் சித்தப்பா மகள். செங்கல் ஊர் சிவன் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழி. பிரசாத இலையை என் கையில் தந்துவிட்டு அப்பாவின் கழுத்தில் கிடந்த ஹெட்போனைப் பார்த்தாள். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன செய்ய அண்ணே, கெடந்து கஷ்டப்படாம போனான், அது போதும்" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். "ஆமா, அது மட்டும் உண்டு" என்றார்.

"ஆமா அத்தை" என்று நானும் சொன்னேன்.

அவள் காப்பி குடித்துவிட்டுப் போனதும் சால்டரிங் அயர்னைச் சூடாக்கினேன். அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வடிகட்டியை முழுவதுமாகப் பிடுங்கி, இருந்த இடத்தில் ஒரு துண்டு வயரை வைத்து இணைத்தேன். அந்த வயருக்கு விலையும் இல்லை, வெயிலிலும் மாறாது.

அப்பா கேட்டார். முகம் இளகியது. பிறகு ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டு, கடைசி மெசேஜை அவரே போட்டார். கேட்டியளா என்று அண்ணன் முடித்தான். அதற்குப் பிறகு மூச்சு. மணி, இன்னொரு மணி, இன்னொன்று. எங்கோ ஒரு பெண் புரியாத பாஷையில் யாரையோ கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெசேஜ் முடிந்தது.

அப்பா என் காதிலிருந்து ஒரு பக்கத்தை விலக்கிக் குனிந்தார்.

"பாத்தியா," என்றார். "நிக்கல்ல."

மறுபடியும் முதலிலிருந்து போட்டார்.